கீழிருந்து மூன்றாவது படி

ஒன்பது படிகள்தான் இருக்கின்றன. மேலிருந்து ஒரு முறை எண்ணினேன், கீழிருந்து ஒரு முறை எண்ணினேன், எப்படி எண்ணினாலும் ஒன்பது. பதினொன்று இருக்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஏனென்றால் அன்று எண்ணியது நான் அல்ல, பிலோமினா. அவள் எதையும் எண்ணுகிறவள். கூட்ஸ் ரயில் பெட்டிகளை, விடுதிச் சாம்பாரில் மிதக்கும் முருங்கைத் துண்டுகளை, வகுப்பில் பேராசிரியை ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை 'ஆகவே' சொன்னார் என்பதை. இரண்டு படிகள் மணலுக்குள் போயிருக்கும். கடற்கரையில் மணல் ஏறும், இறங்கும். அப்படிச் சொல்லிக்கொண்டு கீழிருந்து மூன்றாவது படியில், எங்கள் படியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு வேறொன்று தோன்றியது. இரண்டு படிகள் புதைந்திருந்தால் இது மூன்றாவது இல்லை, ஐந்தாவது. எங்கள் மூன்றாவது என்பது இப்போது கண்ணுக்குத் தெரிகிற கடைசிப் படி. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன், இரண்டு படி இறங்கினேன், மறுபடி உட்கார்ந்தேன். எழுபத்தைந்து வயதுக் கிழவி ஒருத்தி படி மாறி உட்காருவதை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கைபேசிக்குத் தங்களையும் கடலையும் சேர்த்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். மணி நாலாக ஐந்து நிமிடம். நாலு மணி, நம் இடம் என்று எழுதியிருந்தாள். நம் இடம் என்றால் இதுதான். கடம்பந்துறை, கலங்கரை விளக்கம், அதன் முன்னால் கடலுக்கு இறங்கும் கருங்கல் படிக்கட்டு. பஸ் ஸ்டாண்டைப் புறவழிச் சாலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள், ஆட்டோக்காரனிடம் லைட் ஹவுஸ் என்றுதான் சொன்னேன், அவன் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் இங்கே கொண்டுவந்து இறக்கினான்.

கடிதம் பைக்குள் இருக்கிறது. எடுத்துப் பார்க்கத் தேவையில்லை, மனப்பாடம். "வேதா, எங்கள் முதியோர் இல்லத்துக் கிழவிகளை எல்லாம் இருபதாம் தேதி வேனில் ஏற்றிக் கடம்பந்துறைக்குக் கூட்டிப் போகிறார்கள். நாலு மணிக்கு நம் இடத்தில் இருப்பேன். எனக்குக் காது போய்விட்டது, அதனால் போன் எல்லாம் வேண்டாம். முடிந்தால் வா. முடியாவிட்டால் பரவாயில்லை." அந்தப் பரவாயில்லையைத்தான் பத்து நாளாக மென்றுகொண்டிருக்கிறேன். கோபத்தில் எழுதினாளா, களைப்பில் எழுதினாளா, வெறும் பழக்கத்தில் கை எழுதிவிட்டதா. இருபத்தாறு வருடத்தில் அவள் எனக்கு எழுதியதெல்லாம் வருடத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் அட்டை, அச்சடித்த வாழ்த்துக்குக் கீழே ஒரு கையெழுத்து. பதிலுக்கு நான் ஒரு பொங்கல் அட்டை, அதிலும் ஒரு கையெழுத்து. இரண்டு கையெழுத்துகள் ஒன்றையொன்று நலம் விசாரித்துக்கொண்டிருந்தன, நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அட்டைகள் நின்றும் ஏழெட்டு வருடமாகிறது. என் வாயில் ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறது. கும்பகோணத்தில் பஸ் ஏறியதிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டு வருகிறேன். நான் அவரைக் கேட்கவே இல்லை. நாலே வார்த்தை. இதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டால் போதும். அவள் திட்டட்டும், எழுந்து போகட்டும், அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் வேண்டாம். சொல்லாமல் செத்துப்போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அவள் முந்திக்கொள்வாளோ என்பது அதைவிடப் பெரிய பயம், ஏனென்றால் அப்போது சொல்வதற்கு இந்த உலகத்தில் ஆளே இருக்காது. அவர் போய் ஆறு வருடம் ஆகிவிட்டது.

தொண்ணூற்றெட்டு ஜனவரி. இதே படியில் உட்கார்ந்து, கடலைப் பார்த்தபடியேதான் கேட்டாள். "ஒரு மாசம் உன் வீட்டுல இருக்கட்டுமா வேதா? மாடி ரூம் சும்மாதானே கிடக்கு. அதுக்குள்ள எங்கயாவது ஒரு வேலை பாத்துக்கிறேன்." அவள் இடது காதோரம் மஞ்சளும் நீலமுமாகக் கன்றிப்போயிருந்தது, முடியை அதன்மேல் இழுத்து வாரியிருந்தாள். நான் அதைக் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பார்த்துவிட்டேன். பார்த்துவிட்டு நாள் முழுக்கச் சங்குக் கடை, பாசிமணிக் கடை என்று அவளை இழுத்துக்கொண்டு அலைந்தேன், அவள் வாயைத் திறக்க இடம் கொடுக்காமல். சாயங்காலம் படிக்கு வந்தபோது இனிக் காட்டக் கடைகள் இல்லை. கேட்டுவிட்டாள். நான் சொன்னேன், "அதுக்கென்னடி, அவரைக் கேட்டுச் சொல்றேன்." எங்கள் வீடுகளில் பெண்கள் எல்லாரும் சொல்வதுதான். சேலைக்காரனிடம் சொல்வோம், சீட்டுப் பிடிக்கிறவளிடம் சொல்வோம், கோயில் வேலைக்கு நன்கொடை கேட்டு வருகிறவர்களிடம் சொல்வோம். அதற்கு இல்லை என்று பொருள். சொல்கிறவளுக்கும் தெரியும், கேட்கிறவளுக்கும் தெரியும், வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியாது. அவர் ஒரு கதவுபோல நம் கையில் இருப்பார், வேண்டியபோது சாத்திக்கொள்ளலாம். அவரைக் கேட்டிருந்தால் வரச் சொல் என்றிருப்பார், எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. அந்த மாதம் என் மகள் சுகந்தியைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. புருஷனை விட்டு வந்த ஒருத்தி, அதுவும் வேதக்காரப் பெண், மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டு நின்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள். இதுதான் காரணம். இதைவிடப் பெரிதாக ஒன்றைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. அந்தச் சம்பந்தமும் கூடிவரவில்லை, வேறு எங்கோ முடிந்தது, சுகந்தி இப்போது சிங்கப்பூரில் இருக்கிறாள், வாரம் ஒரு முறை என் மூட்டுவலியைப் பற்றி விசாரிக்கிறாள்.

"பாட்டி, ஒரு ரவுண்டு போலாமா?" தண்ணீர் ஸ்கூட்டர்க்காரன். ஆரஞ்சு நிறச் சட்டை, கழுத்தில் விசில். "பயப்படாதீங்க, மெதுவாத்தான் ஓட்டுவேன்." ஆள் வரணும்ப்பா என்றேன். "ஆள் வந்ததும் ரெண்டு பேருமா ஏறுங்க. தாத்தாவா?" இல்லப்பா, சினேகிதி. "அப்ப இன்னும் ஜாலி" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான். மணி நாலே கால். வேன்கள் எப்போதும் தாமதமாகத்தான் வரும், கிழவிகளை ஏற்றி இறக்கவே அரைமணி ஆகும். அலை இங்கே இருந்து வெகு தூரத்தில் இருக்கிறது. முதல் தடவை வந்தபோது மூன்றாவது படியில் உட்கார்ந்தால் காலில் தண்ணீர் பட்டது, அதற்காகத்தான் மூன்றாவது, இரண்டாவதில் பாவாடை நனையும், நாலாவதில் காலே நனையாது, பிலோமினா சோதித்துப் பார்த்துச் சொன்னாள். அறுபத்தொன்பது அது. கல்லூரிச் சுற்றுலா, முப்பது பெண்கள், இரண்டு விரிவுரையாளர்கள், ஒரே ஒரு பயணியர் மாளிகை. அழகான ஊர் என்று அன்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். மணலெல்லாம் மீன் செதில், சாப்பாட்டுத் தட்டெல்லாம் ஈ, குளிக்க உப்புத் தண்ணீர், கருவாட்டு வாடையில் பாதிப் பேர் கைக்குட்டையை எடுக்கவேயில்லை மூக்கிலிருந்து. ஆனால் கடல் எங்கே நின்றாலும் தெரிந்தது. டீக்கடை பெஞ்சிலிருந்து, மாளிகைக் குளியலறையின் உடைந்த ஜன்னலிலிருந்து, எங்கே திரும்பினாலும் ஒரு துண்டு. அடுத்த தடவை எண்பத்தொன்றில், இரண்டு குடும்பமுமாக வந்தோம். அப்போது வரிசையாக லாட்ஜுகள், ஐஸ் வண்டி, குதிரைமேல் உட்காரவைத்துப் படம் எடுக்கிறவர்கள். அவள் கணவர் தாசையன் எங்கள் எல்லாருக்கும் ஐஸ் வாங்கிக் கொடுத்தார். மத்தியானம் ஹோட்டலில் இறால் தோலை ஒவ்வொன்றாக உரித்து என் மகள் தட்டில் வைத்தார். அந்தக் கைதான். அதை நினைக்கக்கூடாது. மூன்றாவது தடவை, நாங்கள் இருவர் மட்டும், அப்போது லாட்ஜுகளுக்கு முன்னால் இன்னொரு வரிசை லாட்ஜுகள், எஸ்.டி.டி. பூத்துகள், பாட்டுக் கேசட் கடைகள், முதல் வரிசையில் தங்கினால்தான் கடல் தெரியும் என்று அறைக்குத் தனி வாடகை. பிறகு சுனாமி. டிவியில் இந்த ஊர்ப் பெயர் கீழே ஓடியபோது நான் முதலில் நினைத்தது யாரையும் அல்ல, இந்தப் படியை. அதையும் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எங்கே பார்த்தாலும் மதில், மதிலுக்கு மேலே தென்னை மரத்தின் தலை, மதிலில் ரிசார்ட்டின் பெயர். மணலில் ஆள் உயரத்துக்கு 'ஐ லவ் கடம்பந்துறை' என்று எழுத்துகள் நிற்கின்றன, நடுவில் சிவப்பாக ஒரு இதயம், அதற்குள் தலையை விட்டுக்கொண்டு ஒரு புதுமாப்பிள்ளை. ஊர் மாறிவிட்டது என்பதற்காக எனக்கு அழுகை வரவில்லை. ஒவ்வொரு தடவையும்தான் மாறியிருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் அவள் இருந்தாள், "ஐயோ அந்த டீக்கடை எங்கடி போச்சு" என்று கேட்க. ஒரு இடம் போய்விட்டது என்று சொல்ல இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி மட்டும் சொன்னால் அது அவள் தலைக்குள் இருந்த இடம், அவ்வளவுதான்.

நாலே முக்கால். வெயில் முதுகுப்பக்கம் போய்விட்டது, என் நிழல் எனக்கு முன்னால் நீண்டு, மணலில் கிடக்கும் ஒரு ஐஸ்கிரீம் கோப்பை வரைக்கும் எட்டுகிறது. இந்தக் கல் கொஞ்சம் வழுவழுப்பாக இருக்கிறது. பழைய கல் சொரசொரப்பாக இருக்கும், புடவை நூல் பிரியும். ஐம்பது வருடம் ஆட்கள் உட்கார்ந்து எழுந்தால் கல் தேயாதா. கைப்பிடிக் கம்பி பளபளவென்று எவர்சில்வர், அது பிறகு வைத்திருப்பார்கள். விளக்குக் கோபுரம் சிவப்பும் வெள்ளையும் பட்டை அடித்து நிற்கிறது, முன்பு சாம்பல் நிறம், பெயின்ட் அடித்திருப்பார்கள். கொஞ்சம் உயரமாகக்கூட, இல்லை, எனக்கு வயதாகி நான் குறுகிப்போனேன், அதனால் உயரமாகத் தெரிகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டே வருகிறேன் என்பது தெரிகிறது. அவரோடு நாற்பத்தைந்து வருடம் வாழ்ந்ததும் அப்படித்தான், அவர் கொஞ்சம் பேச்சைக் குறைத்துக்கொண்டபோது வயது என்றேன், மாடிக்குப் போய்த் தனியாக உட்கார்ந்தபோது காற்று வாங்குகிறார் என்றேன். ஐந்து மணி. மூத்திரம் முட்டுகிறது. பின்னால் கட்டணக் கழிப்பிடம் என்று பலகை இருக்கிறது, போய்வர ஐந்து நிமிடம் ஆகும், அந்த ஐந்து நிமிடத்தில் அவள் வந்து என்னைக் காணாமல் போய்விட்டால். பரவாயில்லை என்று போய்விடுவாள். அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இடது பக்கமிருந்து வெள்ளைச் சேலையில் ஒருத்தி வருகிறாள், கம்பு ஊன்றி, இல்லை, அது கம்பு இல்லை, குடை. வலது பக்கமிருந்து ஒருத்தி. அவளுக்கு நாற்பது வயதுதான் இருக்கும். நான் தேடுவது எந்த பிலோமினாவை? என் கண்ணில் இருக்கிறவளுக்கு ஐம்பது வயது, முடியைக் காதின்மேல் இழுத்து வாரியிருக்கிறாள். எழுபத்தைந்து வயதில் அவள் என் எதிரிலேயே நடந்து போனாலும் எனக்குத் தெரியுமா? ஒருவேளை போய்விட்டாளா? என்னைப் பார்த்து, இவளாக இருக்காது என்று?

"மாங்கா வேணுமாம்மா? ரொம்ப நேரமா உக்காந்துருக்கீங்க, தண்ணியாச்சும் குடிக்கிறீங்களா?" கூடைக்காரப் பெண். கூடையை என் பக்கத்தில் வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. என் சினேகிதி வரணும்மா, இந்த லைட் ஹவுஸ் படிக்குத்தான் வர்றதா எழுதியிருக்கா என்றேன். பிறகு, கேட்கக்கூடாது என்று ஒன்றரை மணி நேரமாக நான் தள்ளிவைத்திருந்ததைக் கேட்டேன். "இதுல பதினோரு படி இருந்துதே. ரெண்டு மணலுக்குள்ள போயிடுச்சா?" அவள் மாங்காய்த் துண்டுக்கு மிளகாய்த்தூள் தடவிக்கொண்டே சொன்னாள், "இதுல என்னைக்கும் ஒம்பதுதான். எங்க வீட்டுக்காரருதானே கல்லு தூக்குனாரு. கட்டி பத்து வருசம் ஆவுது. நீங்க சொல்றது பழைய லைட் அவுஸு." கத்தியால் வடக்கே காட்டினாள். "அது அங்க ரிசார்ட்டுக்குள்ள மாட்டிக்கிச்சு. வெளக்கு எரியறதில்ல, சும்மா நிக்குது, அதுக்குக் கீழ கண்ணாலம் பண்ணுறாங்க. எங்களையும் உள்ளார போய்ச் சுத்தம் பண்ணக் கூப்புடுவாங்க. ஏம்மா, என்னாச்சு? உக்காருங்க, ஒரேயடியா எந்திரிக்காதீங்க."

நடக்கிறேன். ஐந்து இருபது. மதிலை ஒட்டிச் சாலை, சாலையை ஒட்டிக் கார்கள், கார்களுக்கும் மதிலுக்கும் நடுவில் என் அகலத்துக்கு ஒரு வழி. மதிலுக்கு அந்தப் பக்கம் கடல் சத்தம் கேட்கிறது, தெரியவில்லை. முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சொல் சொல்கிறது. நான், அவரை, கேட்கவே, இல்லை. எவ்வளவு எளிதாக ஏமாந்தேன். ஏமாற்றியது யார், யாரும் இல்லை, ஒரு ஊருக்கு இரண்டு கலங்கரை விளக்கம் இருக்கக்கூடாது என்று சட்டமா. நம் இடம் என்று அவள் எழுதினாள், நானும் நம் இடம் என்று வந்தேன், இரண்டு பேரும் ஒரு நொடிகூட அந்த இடம் இருக்குமா என்று யோசிக்கவில்லை. கல்யாணமாகிப் போன பிறகும் பிறந்த வீட்டில் நம் அறை அப்படியே இருக்கும் என்று நினைப்பதுபோல. சுகந்தி கேட்டாள், கூகுளில் பார்த்துக்கொண்டு போயேன் அம்மா என்று. எனக்குத் தெரியாத ஊரா என்றேன். பின்னாலிருந்து ஒலியெழுப்பியபடி பேட்டரி வண்டி ஒன்று வந்தது, எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று, புழுதிக்கு முகத்தை மதில் பக்கம் திருப்பிக்கொண்டு, இரண்டும் போகும்வரை கண்ணை மூடி நின்றேன். மதில் சூடாக இருந்தது. எனக்கு அப்படியே அதில் சாய்ந்துவிட வேண்டும்போல இருந்தது.

வாசலில் காவல்காரர். நரைத்த மீசை, தொப்பி, அவருக்கே அறுபது இருக்கும். அவருக்குப் பின்னால் தென்னை மரங்களுக்கு நடுவில் சாம்பல் நிறமாக, சின்னதாக, கழுத்தில் மாலை போட்டதுபோல் விளக்குச் சரம் சுற்றிக்கொண்டு நிற்கிறது அது. அதுதான். ஐயோ, எப்படி அந்தச் சிவப்பு வெள்ளையை இதென்று நம்பினேன். "ரூம் போட்டிருக்கீங்களாம்மா?" இல்ல, படி வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன். "படியா? படியெல்லாம் இல்லம்மா. கடல் எடுத்துட்டுப் போயிடுச்சு, இப்ப கல்லு கொட்டி வச்சிருக்காங்க. என்ன இது, இத்தனை வருசமா யாரும் கேக்கல, இன்னைக்கு ரெண்டு பேரு படியக் கேக்குறீங்க." யாரு, யாரு கேட்டா? "ஒரு அம்மா. காது கேக்காது. நாலு மணிக்கே வந்துட்டாங்க. உள்ள விட எனக்கு அதிகாரமில்ல, மனசு கேக்காம என் சேர்ல உக்கார வச்சேன். யாராச்சும் வந்தாங்களான்னு அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா கேப்பாங்க, நான் இல்லன்னு கைய ஆட்டுவேன். இப்பத்தான் நம்ம பேட்டரி வண்டியில ஏத்தி அனுப்பினேன், வேன் ஆறு மணிக்குக் கிளம்புதாம். பார்க்கிங்ல நிக்கும்." பார்க்கிங் எங்கே என்றேன். "புது லைட் ஹவுஸுக்குப் பின்னாடி." நான் உட்கார்ந்திருந்த படிகளுக்குப் பின்னால். என் முதுகுக்கு நேர்ப்பின்னால், நாலு மணிக்கு முன்னாலிருந்தே. அங்கிருந்து இறங்கி, என் பின்னாலேயே நடந்து, இங்கே வந்திருக்கிறாள். அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தேன், நீல பிளாஸ்டிக், ஒரு கால் கயிறு போட்டுக் கட்டியது. காவல்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு விசில் ஊதினார். இன்னொரு பேட்டரி வண்டி வந்தது. "இவங்களையும் அங்க விட்டுடு" என்றார்.

வெள்ளை வேன், கதவு திறந்திருக்கிறது, உள்ளே ஏழெட்டுக் கிழவிகள் ஆளுக்கொரு கடலைப் பொட்டலத்தோடு. ஏறும் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, குட்டையாக, முடியைக் கிராப்பு வெட்டிக்கொண்டு ஒருத்தி. எனக்குத் தெரிந்துவிட்டது. பின்கழுத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது, கல்லூரியில் மூன்று வருடம் நான் பின் பெஞ்சு, அவள் எனக்கு முன் பெஞ்சு. தோளைத் தொட்டேன். திரும்பினாள், பார்த்தாள், கையிலிருந்த கம்பை ஓங்கினாள். "எங்கடி போய்த் தொலைஞ்சே? ஒன்றரை மணி நேரம்! வாட்ச்மேன் நாற்காலியில உக்காந்திருக்கேன், வர்ற கார்க்காரன் எல்லாம் எனக்கு சலாம் போட்டுட்டுப் போறான்!" வேனுக்குள் கிழவிகள் சிரித்தார்கள். முன் இருக்கையிலிருந்து ஒரு சிஸ்டர் எட்டிப் பார்த்து, "பிலோமினாம்மா, பத்தே நிமிஷம், ஆறரைக்கு எல்லாருக்கும் மாத்திரை இருக்கு" என்றாள், அது பிலோமினாவுக்குக் கேட்கவில்லை, எனக்குத்தான் கேட்டது. அவள் காதருகே குனிந்தேன். "அந்தப் பக்கம் வேண்டாம், அது தொண்ணூத்தொன்பதுலயே போச்சு. இதுல கத்து, கொஞ்சம் விழும்." இடது காது. தொண்ணூற்றெட்டு ஜனவரியில் என்னைக் கேட்டாள். தொண்ணூற்றொன்பதில் காது. எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது. சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனேன். பஸ்ஸில் சொல்லிப் பார்த்தபோது அந்த வாக்கியம் மெதுவாக, தலை குனிந்து சொல்வதாக இருந்தது. இப்போது பஜ்ஜிக் கடைக்குப் பக்கத்தில், டூரிஸ்ட் பஸ் ஒன்று பின்னால் வருவதற்கு ஒருவர் வண்டியைத் தட்டி ரைட் ரைட் என்று சொல்லிக்கொண்டிருக்க, நான் கத்தினேன். "நான் அவரைக் கேட்கவே இல்லடி!" என்னது என்றாள். "அன்னைக்கு நீ கேட்டியே! மாடி ரூம்! அவரைக் கேட்டுச் சொல்றேன்னேன்! கேட்கவே இல்ல! அவர் வேண்டாம்னு சொல்லல, நான்தான், நான்தான் கேட்கல!" பஜ்ஜிக் கடைக்காரர் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார்.

"கத்தாத" என்றாள் பிலோமினா. "எனக்குத் தெரியும்." எப்படித் தெரியும்? அவள் என் கேள்வியைக் காதில் வாங்கவில்லை, முகத்திலிருந்து எடுத்துக்கொண்டாள். "ஒரு வாரம் பாத்தேன், உன்கிட்டேர்ந்து ஒண்ணும் வரல. போன் பண்ணினேன். உன் வீட்டுக்காரர்தான் எடுத்தார். நீ கடைக்குப் போயிருக்கேன்னார். நானே கேட்டுட்டேன், வேதா சொன்னாளான்னு. கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் சொன்னார், சொன்னா சொன்னா, தாராளமா வாங்கம்மா, ரூம் காலியாத்தான் இருக்குன்னார். அவர் பேசாம இருந்ததுலயே புரிஞ்சுபோச்சு. நல்ல மனுஷன். உனக்காகப் பொய் சொன்னார். நீ கூப்பிட்டா வரலாம்னு இருந்தேன்." நான் கூப்பிடவில்லை. அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மாதம் மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார், குளியலறைக்குப் புது வாளியும் குவளையும் வாங்கி வைத்தார், பச்சை நிறம், யாருக்கு என்றேன், யாராவது வந்தா வேணுமே என்றார். மாப்பிள்ளை வீட்டாருக்கு என்று நினைத்துக்கொண்டேன். நான் சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறார். எத்தனை நாள்? சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதெல்லாமா, விளக்கை அணைத்த பிறகுமா? ஒரு மாதமா, ஒரு வருடமா? பேச்சைக் குறைத்துக்கொண்டது அதற்குப் பிறகுதானா, அதற்கு முன்பேயா, எனக்கு நினைவில்லை, எவ்வளவு யோசித்தாலும் நினைவில்லை, கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்று வந்தேன். சொன்னேன். அது இவளுக்கு வேண்டியதாகவே இல்லை. எனக்கு இருந்ததாக நான் நினைத்த நாற்பத்தைந்து வருடத்தில் பாதியை எடுத்துக்கொண்டு போகிறது.

"வீட்டுக்கு வந்துடு" என்று கத்தினேன். "இப்பவே வா. நான் தனியாத்தான் இருக்கேன். யாரையும் கேட்க வேண்டாம்." அவள் என் கன்னத்தைத் தட்டினாள், கடலை மணக்கும் கை. "இப்பவா? மாடிப்படி யாருடி ஏறுவா? எனக்கு அங்க ஜன்னலோரக் கட்டில் கிடைச்சிருக்கு, அதுக்கு முன்னாடி இருந்தவ போனதும்தான் கிடைச்சுது, விட்டுட்டு வந்தா போச்சு." சிரித்தாள். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். தேடிப் பார்த்தேன், அந்த முகத்தில் அது இல்லை, எப்போதோ உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்துபோயிருக்கிறது. சிஸ்டர் வந்து கையைப் பிடித்து அவளை ஏற்றினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியைத் தள்ளினாள். "அடுத்த வருஷமும் கூட்டிட்டு வருவாங்களாம். இருந்தா வர்றேன். எங்க நிக்கிறே சொல்லு. லைட் ஹவுஸ் வேண்டாம், அது ரெண்டா இருக்கு." நான் சுற்றிப் பார்த்தேன். மணலில் நின்ற அந்த எழுத்துகளைக் கையால் காட்டினேன். "அதை மாத்திடுவான்." பஜ்ஜிக் கடை? "அது வண்டி, சக்கரம் இருக்கு பாரு." கழிப்பிடத்தைக் காட்டினேன், எனக்கு அதுதான் முட்டிக்கொண்டிருந்தது. "அதுவும் சரிதான், எப்படியும் ரெண்டு பேரும் அங்கதான் போகப்போறோம்" என்று பெரிதாகச் சிரித்தாள், ஆனால் அந்தச் சுவரில் 'இடிக்கப்படும்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்தோம்.

ஓட்டுநர் வண்டியைக் கிளப்பிவிட்டார். வேன் பின்னால் வந்து, திரும்பி, கார்களுக்கு நடுவில் நுழைந்தது. நான் கூடவே நாலு அடி நடந்தேன், நிற்கச் சொல்லி யாரையும் கூப்பிடவில்லை. அப்போது அவள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். எதையோ கண்டுபிடித்துவிட்டாள். என் தலைக்கு மேலே, எனக்குப் பின்னால் எதையோ நோக்கி விரலை நீட்டி, அதையே திரும்பத் திரும்பக் காட்டி, அங்க, அங்க என்று வாயசைத்தாள், மீதிச் சொற்களை டூரிஸ்ட் பஸ்ஸின் ஹாரன் எடுத்துக்கொண்டது. நான் திரும்பிப் பார்த்தேன். கொடிகள், குடைகள், விளம்பரப் பலகைகள், ஒரு செல்போன் கோபுரம், அதற்கு அப்பால் நூறு தலைகள், அவற்றுக்கு அப்பால் கொஞ்சம் வானம். இதில் எதைக் காட்டுகிறாள்? மறுபடி அவளைப் பார்த்தேன். கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டு, புருவத்தை உயர்த்தி, புரிந்ததா என்று கேட்டாள்.

புரிந்தது என்று தலையாட்டினேன். அவளுக்கு நன்றாகத் தெரியும்படி, இரண்டு முறை.